ஹூஸ்னிக்குக் குறைந்த ஒரு வகுப்பு

குளிர்காலம் வந்துவிட்டால் ஹூஸ்னியின் கைக்கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடும். வேறு எந்த மாதத்திலும் அதற்கு அந்த நோய் கிடையாது. ஷ்கும்பின் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் சேற்றில் கால் புதையப் பாலம் கடந்து நடந்து வரவேண்டும். கடைசிப் பிள்ளையின் தொப்பி வாசலுக்குள் நுழைந்த பிறகுதான் ஹூஸ்னி மணியடிப்பார். தலைமையாசிரியர் பெத்ரித் ஒவ்வொரு டிசம்பரிலும் அவரைக் கூப்பிட்டு, நல்ல கடிகாரமாக ஒன்று வாங்கித் தொலைக்கச் சொல்வார். ஹூஸ்னியும் ஒவ்வொரு டிசம்பரிலும் தலையாட்டுவார். பிள்ளைகளுக்கு இது தெரியாது. தாங்கள் வேகமாக நடக்கிறவர்கள் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தார்கள்.

எங்கள் பெக்கின் ஊரின் ஒன்பதாண்டுப் பள்ளியில் இருபது வருடமாக அவர்தான் பெருக்குவார், மணியடிப்பார், அடுப்பு மூட்டுவார், சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவார். நாட்டின் கல்வி எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர் குப்பையிலிருந்து கற்றுக்கொண்டார். கீழ்த்தளத்தில் ஒன்று முதல் ஐந்து வரை ஆரம்பப் பள்ளி. அங்கே பென்சில் சீவல், ஒற்றைக் கையுறை, ஐந்தாம் வகுப்பை நெருங்கினால் சூரியகாந்தி விதைத் தோல். மாடியில் ஆறு முதல் ஒன்பது வரை. அங்கே மேசைக்கு அடியில் ஒட்டிய சூயிங்கம், ஒன்பதில் கிழித்துப்போட்ட காதல் கடிதம். அதற்குப் பிறகு எதிர்த்தெருவில் மூன்று வருட உயர்நிலைப் பள்ளி. அதை வேறொருவர் பெருக்குவதால் அவருக்கு விவரம் தெரியாது. அதற்கும் மேலே தலைநகர் திரானாவில் பல்கலைக்கழகம். அங்கே போனவர்கள் குப்பையையும் அங்கேயே போட்டார்கள், ஊர்ப்பக்கம் வரவில்லை.

தினமும் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ஏறி இறங்குகிறவன் இந்த ஊரிலேயே தான் ஒருவன்தான் என்றும், ஆனால் ஒரு வகுப்பிலும் யாரும் உட்காரச் சொன்னதில்லை என்றும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் படித்தது நாலு. அந்தக் காலத்தில் ஆரம்பப் பள்ளி என்றால் நாலு வகுப்பு, மேலே இன்னொரு நாலு. மேல் நாலுக்கு மலை இறங்கிப் போகவேண்டும். அவர் நாலு முடித்த வருடம் மழைக்காலத்தில் மலைப்பாதை சரிந்தது. ஹூஸ்னி கூட்டுறவுப் பண்ணையின் ஆடுகளோடு நின்றுவிட்டார். ஆடுகளை மாதாமாதம் வந்து எண்ணினார்கள். அவரை யாரும் எண்ணவில்லை. அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

ஐம்பத்தாறாவது வயதில் அது ஞாபகப்படுத்தப்பட்டது. பள்ளியில் வேலை செய்கிற எவரும், விளக்குமாறு பிடிக்கிறவர் உட்பட, ஆரம்பப் பள்ளியாவது முடித்திருக்கவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஹூஸ்னி கொஞ்சமும் கவலைப்படவில்லை. பெருநாள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, நான்காம் வகுப்புச் சான்றிதழைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகம் போனார். அங்கிருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இதுல நாலாப்பு வரைக்கும்தானே இருக்கு?"

"ஆமாம்மா, ஆரம்பப் பள்ளி முடிச்சாச்சு. பாரு, முத்திரைகூட இருக்கு."

"இப்ப ஆரம்பப் பள்ளின்னா அஞ்சு வகுப்பு, மாமா. சட்டம் மாறி எத்தனையோ வருஷமாச்சு. நீங்க இன்னும் முடிக்கல."

அந்தச் சட்டம் மாறிய அன்று புது அட்டவணையைச் சுவரில் ஆணியடித்து மாட்டியதே ஹூஸ்னிதான். நாலும் நாலும் எட்டு என்றிருந்தது ஐந்தும் நாலும் ஒன்பது ஆனது அவர் கையால்தான். அது தன் தலையில் விழுந்த ஆணி என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

ஜூன் மாதத்துக்குள் ஐந்தாம் வகுப்புத் தேர்வில் தேறவேண்டும். தேறாவிட்டால் ஒரேயொரு மறுதேர்வு, ஆகஸ்டில். அதிலும் தேறாவிட்டால் வேலை போய்விடும். ஐம்பத்தாறு வயதுக்காரனுக்குப் பெக்கினில் வேறு வேலை யார் கொடுப்பார்கள்? வீட்டில் சொன்னபோது அவர் மனைவி நஜீயே, எட்டு வகுப்பும் முடித்தவள், தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்கப்பா என்ன சொன்னாரு? பையன் படிப்ப முடிச்சவன்னாரு. இப்பப் பாத்தா நான் ஸ்கூல் பையனுக்கு வாக்கப்பட்டிருக்கேன்."

மறுநாள் காலையில் கீரை வைத்துச் சுட்ட புரெக் அடையில் இரண்டு துண்டை அவளே காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். மற்றப் பிள்ளைகளோடு சண்டை போடாமல் சாப்பிடச் சொன்னாள்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை லும்துரி அவரைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். முழங்கால் மேசைக்குள் போகவில்லை, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டார். வாசிப்பு வந்தது. குடிமையியல் வந்தது. கணக்கு மட்டும் பின்னம் வந்த இடத்தில் நின்றுவிட்டது. லும்துரி பொறுமைசாலி. தரை கழுவும் மருந்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்: இருபது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மருந்து. ஹூஸ்னி நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டுப் பார்த்தார். இருபது வருடமாக நான்கு மடங்கு அதிகமாக ஊற்றி வந்தது அப்போதுதான் தெரிந்தது. ஆசிரியர்கள் திங்கட்கிழமைதோறும் தும்மியதற்கு ஈரக்காற்று காரணமல்ல.

தொழுகையில் அவருக்குக் கணக்குத் தப்பியதில்லை. ஒரு வேளைத் தொழுகைக்கு நாலு சுற்றுக்கு, நாலு ரக்அத்துக்கு, மேல் இறைவன் கடமையாக்காமல் விட்டது தன்னைப் போன்ற நாலாம் வகுப்புக்காரர்களை நினைத்துத்தான் என்று கொதிகலன் அறையில் விரிப்பை மடிக்கும்போது நன்றியோடு நினைத்துக்கொள்வார்.

தேர்வுத் தாள்கள் வந்து அலமாரியில் பூட்டப்பட்டன. பூட்டின் சாவி ஹூஸ்னியின் இடுப்பில். அன்று மதியம் அவர் அந்த ஒரு சாவியை மட்டும் கழற்றிக்கொண்டுபோய் பெத்ரித்தின் மேசையில் வைத்தார். பெரிய மனசு என்று பெத்ரித் சொல்லப்போக, ஹூஸ்னிக்கு வெட்கமாகிவிட்டது.

"அதெல்லாம் இல்ல சார். கேள்வியப் பாத்தாலும் எனக்குப் பதில் தெரியாது. திருடனும் ஆவேன், முட்டாளும் ஆவேன். ஒண்ணு போதும்."

ஜூன் கடைசியில் மதிப்பெண் பட்டியல் வந்தது. எங்கள் பள்ளிகளில் பத்துக்குப் பத்து வாங்குவது எப்போதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான். ஐந்து வாங்கினால் தப்பித்தோம். நாலு என்றால் தோல்வி. ஹூஸ்னியின் மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. வேலை வேலைதான் என்று ஹூஸ்னி பசை வாளியைத் தூக்கிக்கொண்டு, பட்டியலைப் படிக்காமலேயே கதவில் ஒட்டி, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துவிட்டார். பிள்ளைகள் முட்டிமோதிக்கொண்டு வந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிறுமி அனீலா விரலை வைத்துக் கீழிறங்கினாள். தன் பெயரில் விரல் நின்றது. கணக்கில் நாலு. பிறகு இன்னும் கீழே போனது.

"மாமா," என்றாள் மெதுவாக, "உங்களுக்கும் நாலு."

அவர் கையில் இன்னும் பசை சொட்டிக்கொண்டிருந்தது.

மாலையில் பெத்ரித் கூப்பிட்டு அனுப்பினார். இருபது வருடம் உழைத்த மனிதனை ஒரு பின்னத்துக்காகத் தெருவில் விடமுடியாது, தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் எல்லாம் நம் ஆட்கள்தான் என்றார்.

"நாலுல ஒரு கோடு இழுத்தா அஞ்சாயிடும், ஹூஸ்னி. யார் பாக்கப்போறா?"

ஹூஸ்னிக்கு அந்தக் கோடு வேண்டியிருந்தது. அதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. ஆனால் அனீலாவின் நாலுக்கும், அவளோடு தோற்ற பெஸ்மிர் என்கிற பையனின் நாலுக்கும் கோடு இழுக்க யாரும் பேனாவைத் திறக்கவில்லை. அதைத் தலைமையாசிரியர் முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பசைய நல்லாத் தடவிட்டேன் சார்," என்றார். "இனிமே பிய்க்க வராது."

வீட்டில் நஜீயே இரண்டு நாள் தேநீரை அவர் முன்னால் வைக்காமல் அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டாள். மூன்றாம் நாள், ஆகஸ்டிலும் நாலு வாங்கினால் ஆடு வாங்கித் தருகிறேன், பழைய வேலைக்கே போகலாம் என்றாள்.

விடுமுறையில் சம்பளம் எதுவும் இல்லாமல் லும்துரி வாரம் மூன்று நாள் வந்தார். காலி வகுப்பில் அனீலா, பெஸ்மிர், ஹூஸ்னி மூன்று பேர். வெயிலில் தகரக்கூரை பொரிந்தது. ஹூஸ்னி தப்பாகப் போட்டால் பிள்ளைகளுக்குத் தைரியம் வந்தது. அதனால் அவர் நிறையத் தைரியம் கொடுத்தார். வேண்டுமென்றே செய்தது பாதி, தெரியாமல் செய்தது பாதி. எது எந்தப் பாதி என்று பிரிக்கிற அளவுக்கு அப்போது அவருக்குப் பின்னம் வந்திருந்தது.

ஆகஸ்டில் அனீலாவுக்கு ஏழு. பெஸ்மிருக்கு ஆறு. ஹூஸ்னிக்கு ஐந்து, அதுவும் கடைசிக் கேள்வியில் ஒட்டிக்கொண்டு வந்த ஐந்து. வேலை தப்பியது. நஜீயே சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட மறுத்துவிட்டாள். சுவரில் ஆணி அடித்தால் மறுபடி சட்டம் மாறிவிடும் என்றாள்.

இரண்டு வருடம் கழித்து லும்துரி ஓய்வு பெற்று, கடல் தாண்டிப் போலோனியா நகரத்தில் இருக்கும் மகனிடமே போய்ச் சேர்ந்துவிடுவதென்று கிளம்பினார். பேருந்து பள்ளிவாசல் பக்கம் நின்றது. ஹூஸ்னி பெட்டியை ஏற்றிக் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே நின்றார். தன்னை மறந்துவிடவேண்டாம் என்றார் லும்துரி. இருவருக்கும் அதுதான் கடைசி என்று தெரியும்.

"தினம் தொழுதுட்டு துஆ கேக்கறப்ப உங்க பேரச் சொல்றேன் டீச்சர்," என்றார் ஹூஸ்னி. "சில நாள் ரெண்டு தடவ சொல்லிடறேன்னு நெனைக்கிறேன். என் கணக்குதான் உங்களுக்குத் தெரியுமே. கூடுதலா இருந்தா மேல இருக்கிறவனே கழிச்சுக்கட்டும்."