மூன்றாவது வளையம்

பெரியப்பா மகள் வசந்தாக்கா அந்தப் பழைய விண்கப்பல் கேமைச் செல்போனில் ஆடி, வீடியோ அனுப்பியிருந்தாள். கப்பலின் சத்தம் கேட்டதுமே எனக்குப் பழையபடி வயிறு எரிந்தது.

டிவியில் வந்த விண்வெளித் தொடரை வைத்துச் செய்த கேம் அது. எங்கள் சின்ன வயதில் பெரியப்பா குவைத்திலிருந்து நாகலாபுரத்துக்குக் கொண்டுவந்தார். சென்ட் வாசனை போகாத அந்தக் கேம் பெட்டியை அக்கா என்னைத் தொடவே விடமாட்டாள்.

"நீ பாத்துக்கினு இரு, போதும்" என்பாள்.

மூன்றாவது வளையத்தில் அவள் கப்பல் தினமும் மோதி வெடிக்கும்.

ஒருநாள் அவள் சாப்பிடப் போனபோது திருட்டுத்தனமாக ஆடினேன். அவள் கொலுசுச் சத்தம் கேட்டுப் பயந்து பட்டனை விட்டேன். கப்பல் தானாகவே அந்த மூன்றாவது வளையத்தைத் தாண்டியது. சட்டென்று அணைத்துவிட்டேன். அவளிடம் மூச்சு விடவில்லை.

வீடியோவில் அக்கா கத்தினாள்: "தாண்டிட்டேன்டி! பட்டனை வுட்டுட்டா அதுவே போவுது!"

அவளிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்தது அந்த ரகசியம் ஒன்றுதான்.