ஏறுகிற வண்டிக்கே வழி

எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் எங்கே சந்திக்கும் என்று இயற்பியல் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. ரயிலுக்குப் பதில் ஜீப்பு. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் மாமா. இருவரும் பேச்சை நிறுத்தி மாதக்கணக்காகியிருந்தது.

எல்லாம் தம்பியின் காதுகுத்தால் வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காமல், அப்பா பத்திரிகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். "நான் பாத்துக் கட்டிவச்ச மாப்ள, எனக்கே போன்ல பத்திரிகை அனுப்புறாரு" என்று மாமா போடி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். காதுகுத்து நின்றது. பிறந்த வீட்டுப் படி ஏற முடியாமல் அம்மா மெலிந்துபோனாள்.

என் கவலையோ வேறு. மாமா மகனும் நானும் ப்ளஸ் ஒன், ஒரே டியூசன். அவன் சிரித்துவிட்டுப் போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. வீடு இரண்டுபட்டால் எங்கள் கதி?

மலைப்பாதையில் ஒரு வளைவு, மண் சரிந்து ஒற்றை வண்டி அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. அங்கே இரண்டு ஜீப்பும் முட்டி நின்றால் பேசித்தானே ஆக வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு அப்பா கிளம்பினார். பின்னால் அவர்களோடு அம்மாவும் இருந்தாள். நான் முன்சீட்டில் தொற்றிக்கொண்டேன். மேலேயிருந்து ஏலக்காய் மூட்டைகளோடு இறங்கவிருந்த மாமாவை, நான் மிஸ்டு கால் கொடுக்கும்வரை டீக்கடையில் பிடித்துவைப்பது கூடப் போயிருந்த அவர் மகன் பொறுப்பு.

கணக்கு இம்மியும் பிசகவில்லை. இரண்டு ஜீப்பும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. ஆனால் ஹாரன்தான் பேசியது. ஏறுகிற வண்டிக்கே வழி, இறங்குகிறவர்தான் பின்வாங்க வேண்டும் என்பது எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். மாமா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிக் கைகட்டி நின்றார். அப்பாவும் இறங்கினார்.

"லோடு வண்டி, பின்னால எடுக்க முடியாதுன்னு சொல்லுடா" என்றார் மாமா, தன் மகனிடம்.

"ஏறுற வண்டிக்குத்தான் வழின்னு சொல்லு பாப்பா" என்றார் அப்பா, என்னிடம்.

தூது சொல்ல வேண்டிய நாங்கள் எதிரெதிரே நின்றோம். வெயில் பட்டு அவன் காதுமடல் செக்கச்செவேலென்று இருந்தது. எனக்குச் செய்தி மறந்துபோனது.

எங்களுக்குப் பின்னால் பஸ்சு ஒன்று வந்து அலறியது. "யண்ணே, மாமன் மச்சான் சோலியச் சாயங்காலம் வச்சுக்கங்க. வெரசாப் போகணும்!" என்று ஜீப்பிலிருந்து பெண்கள் கத்தினார்கள்.

அப்போது அம்மா இறங்கினாள். தலைத்துண்டை இறுக்கிக் கட்டினாள். யாரையும் பார்க்காமல் நடந்துபோய் மாமாவின் ஜீப்பில் ஏறி சாவியைத் திருப்பினாள். கழுத்தை வெளியே நீட்டி, ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்து, மூட்டைகளோடு அந்த வண்டியைப் பள்ளத்தின் விளிம்பிலேயே பின்னுக்கு நகர்த்தினாள். சக்கரம் தள்ளிய கல் ஒன்று மேகத்துக்குள் விழுந்தது. அது எங்கேயோ மோதுகிற சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. ஒரே இழுப்பில், வளைவுக்கு மேலே அகலமான இடத்தில் வண்டியைப் பாறையோடு ஒட்டி நிறுத்தினாள். எங்கள் வீட்டில் சைக்கிளைக்கூட உருட்டிப் பார்த்திராத அம்மா!

மாமா ஓடிப்போய்த் தன் ஜீப்பைப் பிடித்துக்கொண்டார். "ஏ புள்ள, ஒனக்கு எப்பருந்து வண்டி ஓட்டத் தெரியும்?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா தொண்டையைச் செருமினார். "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும் மச்சான். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் மாப்ளயப் பொண்ணு பாக்கக் கூட்டியாந்த அன்னைக்கு மொகமே தெரியாத மாதிரி நின்னீகளே, களவாணிகளா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பஸ்சுக்காரர்கூட ஹாரனை விட்டுவிட்டார். அந்தச் சூட்டோடு, காய் எடுக்கும் அக்கா ஒருத்தியின் சுருக்குப்பையிலிருந்த வெற்றிலை பாக்கை வாங்கி, ஜீப்பு பானெட்டில் வைத்தே அப்பா மச்சானை முறையாக அழைத்தார்.

மறுபடி ஏறும்போது அம்மா என்னைப் பின்னால் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். கீழே நின்ற மாமா மகனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "நாளையிலருந்து நீ வேற டியூசன்" என்றாள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த டியூசனில் என்ன குறை கண்டாள் என்று எனக்குப் புரியவில்லை. நான் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை. வழி முழுக்க, மடியில் சாதுவாகக் கிடந்த அவள் கைகளையே வாய்பிளந்து பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அசந்த நேரம் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்து, எனக்கும் சொல்லிக் குடு என்று கேட்டுவிட வேண்டியது. முன்னால் ஓட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ரிவர்ஸ்.