கொத்தமல்லி விதை அளவு தோல்

என் கணவருக்குக் கால் எரிகிறது என்பது கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். பால்காரருக்குத் தெரியும், சிலிண்டர் போடுகிறவருக்குத் தெரியும். சபைக்குப் புதிதாக வந்த போதகருக்கு முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது. பாமாலை பாட எல்லோரும் எழுந்து நிற்க, இவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, பாதத்தில் மிளகாய்த்தூளை அப்பின மாதிரி இருக்கிறது என்றார். போதகர் பாவம், அன்றைய ஜெபத்தில் இவருடைய பாதங்களையும் சேர்த்துக்கொண்டார்.

நான் நம்பவில்லை. சர்க்கரை இல்லை, வைட்டமின் குறையில்லை, நரம்பில் கரன்ட் விட்டுப் பார்க்கிற டெஸ்டும் நார்மல். ஒவ்வொரு ரிசல்ட் வரும்போதும் எனக்கு ஜெயித்த சந்தோஷம். இவரோ நான் துணி ஊறவைக்கிற நீல டப்பில் தண்ணீரை ரொப்பி, காலை உள்ளே விட்டுக்கொண்டு ராஜா மாதிரி நியூஸ் பார்ப்பார். துணி மூலையில் கிடக்கும். "ஓவர் ஆக்டிங்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவேன். முகம் சுருங்கிவிடும் மனுஷனுக்கு. மருந்துகூட அவருக்கு இரண்டாம் பட்சம்தான். நான் நம்ப வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு டாக்டர் எங்களை வண்டலூர் தாண்டி இருந்த ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்ணுக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். நரம்பு வலிக்கு எலியிடம் பலித்த மருந்துகள் பல மனிதரிடம் பலிப்பதில்லை, அதனால் மனிதத் தோலையும் செல்லையும் வைத்தே பார்க்கிறோம் என்றாள். கணுக்காலுக்கு மேலே கொத்தமல்லி விதை அளவு தோல் எடுப்பார்களாம். அதில் மெல்லிய நரம்பு நுனிகள் எத்தனை மிச்சம் என்று பார்ப்பார்களாம். கரன்ட் டெஸ்டில் தடித்த நரம்பு மட்டும்தான் தெரியுமாம். மிச்சத் தோலின் செல்களை நரம்பு செல்களாக மாற்றி, தட்டில் வளர்த்து, அதன் துடிப்பு எந்த மருந்துக்கு அடங்குகிறது என்றும் சோதிப்பார்களாம். வீட்டில் ஒருத்தர் முனகுவது போதாதென்று தட்டில் வேறா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, இதே வயதில் வலியில்லாத ஆட்களும் தேவை என்றாள். இவர் சட்டென்று என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவங்களோடதையும் எடுங்க, மேடம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இவங்க கண்ணாலயே பார்க்கட்டும்."

பார்த்துவிடலாமே என்று நானும் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினேன். அதற்கு முன் அந்தப் பெண் ஏதேதோ விசாரித்தாள். கால் எரிச்சல், குத்தல் உண்டா என்றும் கேட்டாள். எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான், விசேஷமாக ஒன்றுமில்லை என்றேன். அதை அவள் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டாள். மரத்துப்போக ஊசி போட்டதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவர் மட்டும் பக்கத்துக் கட்டிலில் 'அப்பா, அம்மா' என்று பரம்பரையையே கூப்பிட்டார்.

சில வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார், ஏதோ பரிசு வாங்கப் போகிற மாதிரி. கம்ப்யூட்டரில் முதலில் இவர் தோல். கறுப்பில் பச்சை இழைகளாக நரம்பு நுனிகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. நிறைய இருக்க வேண்டியது, இவ்வளவுதான் மிச்சம், சாருக்கு எரிவது நிஜம்தான் என்றாள் அந்தப் பெண். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எங்கள் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

அடுத்தது என்னுடையது. அதில் இழைகள் இன்னும் கம்மி.

அவள் திரையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். "மேடம், உங்களுக்குக் கால் எரியறதே இல்லையா?"

"எரியும். எல்லாருக்கும் எரியுமே?"

நான்தான் விளக்கினேன். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் எடுக்கிறவர்கள் நாங்கள். மத்தியானம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்ததும் அத்தனை டீச்சரும் செருப்பை உதறிவிட்டு வெறும் தரையில் பாதத்தை வைத்துக்கொண்டுதான் பேப்பர் திருத்துவோம். ராத்திரி போர்வைக்கு வெளியே காலை நீட்டி, சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு படுப்பேன். கால் என்றாலே அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். இவருக்கும் அதே எரிச்சல்தான், அதற்குப் போய் ஊரைக் கூட்டுகிறாரே என்றுதான் எனக்கு ஆத்திரமே. அந்தப் பெண் வலியில்லாத ஆட்கள் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டு, டாக்டரைப் பார்க்கச் சொன்னாள்.

ஷேர் ஆட்டோ பெருங்களத்தூர் வந்ததும் இவர், எப்போதிலிருந்து என்று கேட்டார். சின்னவன் ஸ்கூல் போன காலத்திலிருந்து என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்களே. யாரு நம்புனா?"

சொன்ன பிறகுதான், நம்பாத அந்த ஆள் நான்தான் என்று எனக்கே உறைத்தது. வெட்கமாக இருந்தது. ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் இவர் வழக்கம்போல டப்பில் தண்ணீர் ரொப்பினார். ஒரு 'பார்த்தியா' வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. டப்பைத் தன் நாற்காலிக்கு முன்னால் வைக்காமல் என் நாற்காலிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். காலை உள்ளே விட்டேன். தண்ணீர் ஜில்லென்று கணுக்கால் வரை ஏறியது.

"எரியுதுங்க" என்றேன்.

"தெரியும்" என்றார்.