துரைசிங்கத்துக்கு ஒரு விசில்

போன மாதம் கரமனையில் ஒரு விசில் கேட்டேன். இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது.

சினிமா தியேட்டர் என்றால் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? இது நாடகம். அதுவும் திருவனந்தபுரத்துத் தமிழர்கள் நாங்களே சேர்ந்து போடும் நாடகம். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் நடிகர்களின் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் இடைவேளையில் கிடைக்கும் வடைக்காக வருகிறவர்கள். (கோபித்துக்கொள்ளாதீர்கள்... நடிக்க வராத நானும் அந்த வடைக் கட்சியில்தான் முதலில் சேர்ந்தேன்.) அந்தச் சாதுக் கூட்டத்தில் ஒருவர் விரலை மடித்து வாயில் வைத்து விசில் அடித்தார் என்றால், விஷயம் இருக்கிறது.

நான் அப்போது மேடையின் ஓரத்தில், திரை மறைவில், ஸ்கிரிப்டும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். வசனம் மறந்து திருதிரு என்று விழிப்பவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பது என் வேலை.

நாடகத்தின் நாயகன் துரைசிங்கம். பொன்முடிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டின் மேனேஜர். முறுக்கு மீசை, முழங்கால் வரை பூட்ஸ், விரலில் சுழலும் ஜீப் சாவி. ஐயா வீட்டுக்குள் நுழைந்தால் ரேடியோ தானாக வாயை மூடிக்கொள்ளும். மனைவி பாக்கியம் ஓடிவந்து பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும். பாக்கியம் என்ற பெயரே நோட்டீஸைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாடகம் முழுக்க அவருக்கு அவள் வெறும் 'ஏய்'.

முக்கியமான காட்சி இதுதான். துரைசிங்கம் வாசலில் நிற்கிறார். உள்ளே பாக்கியம் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். இவர் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. "யார்கிட்ட பேசிட்டிருந்தே?" என்கிறார். "யார்கிட்டயும் இல்லை" என்கிறாள். அவ்வளவுதான்... சோற்றுத் தட்டு பறக்கிறது. (நிஜச் சோறு போட்டால் மேடை வழுக்கும். அதனால் பொரி.) அவள் கீழே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பிக்கிறாள். இவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கர்ஜிக்கிறார் — "இந்த வீட்டுல ஒரு சத்தம்தான்... அது என் சத்தம்!"

கைதட்டல் என்றால் கைதட்டல். நடுவில் அந்த விசில்!

மேடையில் ஒரு வழக்கம் உண்டு. கைதட்டல் வந்தால் அது அடங்கும்வரை எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். துரைசிங்கம் கையை விரித்தபடி நின்றார். பாக்கியமாக நடித்த லலிதா, ஒரு பிடி பொரியோடு தரையில் அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் லலிதா போன் செய்தாள். அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். பூர்வீகம் திருநெல்வேலி. கணவர் மஸ்கட்டில். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அதனால் 'அக்கா'.

"அக்கா, அந்த விசில் யாருன்னு தெரியுமா? நம்ம அருண் ஆக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லலிதாவின் மகள் நித்யா பிசியோதெரபிஸ்ட். அருண் அவளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை. கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை, நாகர்கோவில் குடும்பம். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருங்கால மாமியார் நடிக்கிறாரே என்று மரியாதைக்காக வந்து, நித்யாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நடிப்புக்கு அடிச்சிருப்பான், விடு" என்றேன்.

"அப்படித்தான் நானும் நினைக்கப் பாக்கறேன். ஆனா ராத்திரி முழுக்க நித்யா வாயே திறக்கலை. எதுக்கு விசில் அடிச்சான் அக்கா? நடிப்புக்கா, இல்லை அந்த ஆள் செஞ்சதுக்கா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா மதி, போதும். பின்னே, வாழப் போறது எம் பொண்ணுல்லா?"

போனை வைத்துவிட்டு யோசித்தேன். துரைசிங்கத்தை நமக்கு ஏன் பிடிக்கிறது?

இதை நடிகரிடமே கேட்டுவிடலாம் என்று சுப்பிரமணியத்தைப் பிடித்தேன். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, எறும்பை மிதித்தால் அதனிடமே ஸாரி கேட்கும் ரகம். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். "சொன்னா சிரிக்கக்கூடாது கேட்டோ. வீட்ல டி.வி. ரிமோட் என் கைக்கு வந்து வருஷமாச்சு. ஆபீஸ்ல நான் பேச ஆரம்பிச்சா எல்லாரும் செல்போனைப் பாப்பாங்க. மேடையில மட்டும்தான் நான் வந்தா எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. நல்லாத்தான் இருக்கு!"

பார்த்தீர்களா? இவ்வளவு நல்ல மனுஷருக்கே இனிக்கிறது!

துரைசிங்கம் பலசாலி என்று நினைக்கிறோம். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. வாசலில் நின்று ஒட்டுக் கேட்கிறாரே... அங்கேயே மனுஷர் காலி. எஸ்டேட்டில் அத்தனை பேரையும் விரட்டுகிறவருக்கு, வீட்டில் ஒருத்தி தனக்குத்தானே பேசிக்கொள்வது பொறுக்கவில்லை. அவளுக்குள் தனக்குத் தெரியாத ஓர் உலகம் இருக்கிறது என்ற பயம். பயந்தவன் கத்துகிறான். நாம் அதை வீரம் என்று நினைத்துக் கைதட்டுகிறோம். இதே ஆள் சேலையும் கொண்டையுமாக மாமியார் வேஷத்தில் வந்து தட்டை வீசியிருந்தால் தட்டியிருப்போமா? 'ராட்சசி' என்று திட்டியிருக்க மாட்டோமா?

அடுத்த ஒத்திகையில் லலிதா எழுந்து நின்றாள்.

"சார், அந்த இடத்துல நான் நிக்கமாட்டேன். அவங்க கை தட்டினாலும் நான் பாட்டுக்குப் பொறுக்குவேன், என் டயலாக்கைச் சொல்லுவேன்."

எழுதி இயக்கிய வெங்கடாசலம் சாருக்கு முகம் சிவந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர், மேடை ஒழுங்கில் மகா கண்டிப்பு. "கிளாப்ஸ் வந்தா நிக்கணும். அதுதானம்மா மேடை மரியாதை. நான் ஆணாதிக்கத்துக்கு எதிராத்தான் நாடகம் எழுதியிருக்கேன். ஆடியன்ஸுக்குப் புரியலைன்னா நான் என்ன செய்ய?"

"ஆடியன்ஸ் மேல குத்தம் சொல்லாதீங்க சார். நாம நின்னோம், அவங்க தட்டினாங்க. ஒத்திகையிலயே அந்த இடத்துல நிறுத்தித்தானே பழகினோம்?"

உண்மைதானே! ஒத்திகையில் ஆடியன்ஸ் ஏது? ஆனாலும் அந்த வசனம் முடிந்ததும் நாங்கள் தவறாமல் நிறுத்துவோம். வரப்போகும் கைதட்டலுக்காக! துரைசிங்கத்தைத் திட்ட என்றே ஒரு நாடகம் போட்டு, அதில் அவரைப் பாராட்டுவதற்கு நாங்களே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அத்தனை ஒத்திகைக்கும் இருந்தேனே, எனக்கு இது உறைக்கவே இல்லை. வெங்கடாசலம் சார் வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "உன் இஷ்டம்மா" என்றார்.

அடுத்த ஷோ பொன்முடி போகிற வழியில் விதுராவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எஸ்டேட் தொழிலாளர் லயங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாகத் தமிழ்க் கூட்டம் வந்திருந்தது. நிஜ மேனேஜர்களைப் பார்த்த கூட்டம்! நாங்கள் வேனில் போக, நித்யாவும் அருணும் காரில் வந்திருந்தார்கள். நாடகம் முடிந்ததும் பொன்முடிக்குப் போய் வருவதாகத் திட்டம்.

தட்டு பறந்தது. துரைசிங்கம் கையை விரித்தார். கர்ஜித்தார். கைதட்டல் கிளம்பிவிட்டது, இங்கேயும்தான்! ஆனால் லலிதா நிற்கவில்லை. மளமளவென்று பொரியைப் பொறுக்கிக்கொண்டே, நிமிராமல் தன் வசனத்தைச் சொன்னாள். முன்வரிசையில் ஒரு பெண், "ஷ்ஷ்... அந்தம்மா என்னமோ சொல்லுது" என்று அதட்டினாள். கைதட்டல் அரைகுறையாக அடங்கியது. லலிதா அதையே மறுபடி சொன்னாள்.

"காலைக் கொஞ்சம் எடுங்க. சோத்தை மிதிச்சிட்டிருக்கீங்க."

கைகள் இரண்டும் ஆகாயத்தில் இருக்க, துரைசிங்கம் குனிந்து பார்த்தார். காலை எடுத்தார். அந்தச் சின்ன வசனம் போன ஷோவிலும் இருந்ததுதான். கைதட்டிய குஷியில் யார் காதிலும் விழவில்லை.

நாடகம் முடிந்து, டீ குடிக்கலாம் என்று கல்லாறு வரைக்கும் போனோம். ஆற்றோரக் கடை. சூடாகப் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி. அருண் ஓடி ஓடி எல்லோருக்கும் டீ கிளாஸ் எடுத்துக் கொடுத்தான். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். மரியாதை தெரிந்த பையன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

"ஆண்ட்டி, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க" என்றான் லலிதாவிடம். "இன்னைக்கு டைமிங் மிஸ் ஆயிடுச்சு. கிளாப்ஸுக்கு நீங்க நிக்கவே இல்லை. அந்த சீனோட கெத்தே போச்சு."

லலிதா லேசாகச் சிரித்து வைத்தாள். நித்யாதான் அவன் பக்கம் திரும்பினாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அருண், நாளைக்கு நம்ம வீட்ல நீங்க அந்த டயலாக்கைச் சொன்னா நான் என்ன செய்யணும்?"

"பின்னே? கை தட்டணும்!"

கடையே சிரித்தது. சுப்பிரமணியம் சிரித்தார். வாய் நிறையப் பழம்பொரியோடு நானும்தான் சிரித்தேன். நித்யா டீயைக் கடைசிவரை குடித்தாள். கிளாஸை வைத்தாள்.

"அம்மா, நான் உங்ககூட வேன்லயே வரேன்."

"பொன்முடி?" என்றான் அருண். நிஜமாகவே அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

"இன்னைக்கு வேண்டாம்."

வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நெடுமங்காடு தாண்டியதும் அவளே சொன்னாள்.

"எத்தனை பதில் இருக்கு ஆண்ட்டி! 'சே, நான் அப்படிச் சொல்வேனா'ன்னு கேட்டிருக்கலாம். 'நீயும் திருப்பிக் கத்து'ன்னு சொல்லியிருக்கலாம். 'தட்டை என் தலையில கவுத்து'ன்னு சொல்லியிருந்தா, அங்கேயே கட்டிப் பிடிச்சிருப்பேன்." கண் கலங்கியிருந்தது. அருணை அவளுக்குப் பிடித்திருந்தது. அது எனக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

அந்த வாரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் வீட்டில் நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சித்தப்பா வந்தார், மாமா வந்தார். பையன் குடிக்க மாட்டான், சிகரெட் கிடையாது, ஒரு வார்த்தைக்காக யாராவது சம்பந்தத்தை விடுவார்களா? மஸ்கட்டிலிருந்து அப்பா தினமும் போன். லலிதாவே ஒரு தடவை, "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா மோளே?" என்று கேட்டுப் பார்த்தாள். "மதி, அம்மா... விடுங்க" என்றாளாம்.

நித்யா செய்தது சரியா? எனக்குத் தெரியாது. அருண் கல்யாணத்துக்கு அப்புறம் தங்கமான புருஷனாக இருந்திருக்கலாம். சுப்பிரமணியம் மாதிரி ரிமோட்டைக்கூடப் பறிகொடுத்திருக்கலாம்! ஆனால் அவனோடு வாழ்ந்து பார்க்க வேண்டியவள் அவள். நானோ நீங்களோ இல்லை.

கடைசியாக அருணின் அம்மா பேசினார். லலிதாவின் வீட்டில் அப்போது நானும் இருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது. "என்னம்மா நித்யா, அவன் தமாஷுக்குச் சொன்னதைப் போய் இப்படிப் பெருசு பண்ணலாமா?"

அதுவரைக்கும் அவரை 'அத்தை' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், போனைக் கையில் எடுத்தாள். கோபமில்லை, அழுகையில்லை.

"ஆமா ஆண்ட்டி, தமாஷுக்குத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரலை. அவ்வளவுதான்."