அலமேலு திருடல சார்

அலமேலு போயிட்டா.

காலையில போன் எடுத்ததும் இதுதான் நியூஸ். நெஞ்சு வலின்னு கல்வராயன் மலையிலேர்ந்து கீழ கூட்டிட்டு வந்திருக்காங்க. கள்ளக்குறிச்சி வந்து சேரல...

என்கூட ஒரே டேபிள்ல வேலை பாத்தவ. துருகம் ரோட்டுல எங்க யூனிட். கேபிள் டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் ஃபைபர்ல வர்ற வெளிச்சத்த ரெண்டா பிரிக்கிற கப்ளர் செய்யறது எங்க வேலை.

அழுதுக்கிட்டுதான் இருந்தேன். அப்புறம் எங்க பழைய முதலாளி ஃபேஸ்புக்ல போட்டிருக்கிற அஞ்சலியப் பாத்தேன். "எங்கள் குடும்பத்தில் ஒருவர்"னு, அவ போட்டோவோட. கைகூப்புற எமோஜி வேற.

அழுகை நின்னுபோச்சு. உடம்பெல்லாம் எரியுது.

கீழ ஒரு கமெண்ட் போட்டேன். டெலீட் பண்ணிட்டார். பரவால்ல சார், இது என் ஃபேஸ்புக் வால். இங்க எழுதறேன்.

அலமேலுவத் தெரியாதவங்களுக்கு... மலையில பொறந்து, கீழ ஹாஸ்டல்ல தங்கி டிப்ளமோ முடிச்சவ. பயங்கர வாய். கோவம் மூக்கு மேல நிக்கும்.

கப்ளர்னா, முடி மாதிரி ரெண்டு கண்ணாடி இழை. ரெண்டையும் சேத்து முறுக்கி, சின்ன நெருப்புல காட்டிக்கிட்டே மெதுவா இழுக்கணும். ஒரு இழையில விட்ட வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா பக்கத்து இழைக்குப் போகும். ரெண்டு மீட்டர்லயும் ஒரே அளவு வந்ததும் டக்குனு நெருப்ப எடுத்துடணும். விட்டா மொத்தமும் அந்தப் பக்கம் ஓடிடும்.

காத்துல நெருப்பு ஆடும்னு ஃபேன் போட விடமாட்டா. சித்திரை வெயில்ல தகர ஷீட்டுக்குக் கீழ வெந்துக்கிட்டு இருப்போம். ஒருநாள் முதலாளியே வந்து ஃபேன் போட்டார். இவ எழுந்து போய் ஆஃப் பண்ணிட்டு, "காத்து வோணும்னா வெளிய போய் நில்லுங்க சார், அங்க மரம் கீது"ன்னா.

சிரிப்ப அடக்க நாங்க பட்ட பாடு...

சரி, விஷயத்துக்கு வரேன்.

கொரோனா டைம். பசங்களுக்கெல்லாம் போன்ல கிளாஸ். அதே சமயம் இந்தப் பக்கமெல்லாம் இட ஒதுக்கீடு போராட்டம், மறியல். பஸ் எப்ப நிக்கும்னே தெரியாது.

முதலாளிக்குச் சொந்தமா கேபிள் லைனும் இருந்துச்சு, டிவியும் நெட்டும் அதுலதான். மலையடிவாரத்துல ஒரு பெட்டி. அங்கிருந்து ஒரு லைன் கீழ இருக்கிற ஊருக்கு, ஒரு லைன் மலை மேல. நடுவுல அலமேலு செஞ்ச கப்ளர். பாதிக்குப் பாதி.

கீழ ஊர்லதான் முதலாளியோட மச்சான் இருந்தார். விஷயம் தெரிஞ்சு யூனிட்டுக்கே வந்துட்டார்.

"இன்னாம்மா, எங்களுக்கும் பாதி, மலைக்காரனுக்கும் பாதியா? எங்களுக்கு எழுபது வச்சு வுடு. மேல முப்பது போதும்."

"எழுபது வச்சா டிவில ஒரு மூஞ்சி ரெண்டா தெரியுமா? உங்க வூட்டுக்கு இதுவே ஜாஸ்திங்க. மேலதான் தூரம். கணக்குப்படி எழுபது அங்கதான் போவணும். நான் சரிபாதிதான குடுத்துகினு இருக்கேன்?"

"உங்க ஆளுங்கன்னு பேசறியா?"

"கணக்கு பேசறேங்க."

அன்னைக்குக் காலையிலதான் அந்த மனுஷன் ரோட்டுல உக்காந்து, எங்க பங்கக் குடுன்னு தொண்டை கிழியக் கத்திட்டு வந்தார். அதுல நியாயம் இருந்துச்சு, நான் இல்லைங்கல. எங்க வீட்டு ஆம்பளைங்களும்தான் போனாங்க. ஆனா அடுத்தவன் பங்குன்னு வந்தா மட்டும் முப்பது போதுமா?

அவ செய்யமாட்டேன்னுட்டா. முதலாளி சென்னையிலேர்ந்து எழுபது-முப்பது கப்ளர் ஒண்ணு வாங்கி மாட்டினார்.

மலை மேல லைன் படுத்துடுச்சு. பசங்க பாடம் நின்னுபோச்சு. அவ அக்கா பொண்ணு அப்ப பன்னெண்டாவது. அலமேலு எவ்வளவோ சொல்லிப் பாத்தா, முதலாளி காதுலயே வாங்கல.

ஒரு பெரிய மறியல் அன்னைக்குக் கீழ ஊர் ஆம்பளைங்க மொத்தமா வேன் ஏறி உளுந்தூர்பேட்டைப் பக்கம் போயிட்டாங்க. இவ பட்டப்பகல்ல போய்ப் பெட்டியத் தொறந்து, எங்க ஸ்டாக்ல இருந்து எடுத்துட்டுப் போன, தான் செஞ்ச கப்ளர் ஒண்ண மாட்டிட்டா. கழட்டின சென்னை கப்ளரக் கொண்டாந்து எங்க ஸ்டாக்ல வச்சுட்டா. ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துச்சு.

கீழ ஊர்ல எவனுக்கும் தெரியல! மாசக்கணக்கா! மச்சான் டீக்கடையில உக்காந்து "எங்க ஊருக்கு எழுபது"ன்னு பீத்திக்கிட்டு, வீட்டுக்குப் போய் அதே பாதியில படம் பாத்துக்கிட்டு இருந்தார்.

மழையில பெட்டிக்குள்ள தண்ணி போய், லைன்மேன் தொறந்தப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. மச்சானுக்கு மானப் பிரச்சினை ஆயிடுச்சு. முதலாளி எங்க எல்லார் முன்னாடியும் அலமேலுவக் கூப்பிட்டு, "கம்பெனிப் பொருளத் திருடிட்ட"ன்னார்.

வேலை போச்சு. சுத்துவட்டாரத்துல எந்தக் கேபிள்காரரும் அவளச் சேத்துக்கல. திருடின்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தார்.

ஆனா அந்தக் கப்ளர மட்டும் அவர் கழட்டல. நல்லா வேலை செய்யுதே! மச்சான்கிட்ட மாத்திட்டேன்னு பொய் சொல்லிட்டார். லைன்மேன் தம்பி என்கிட்ட சொன்னான், இன்னைக்கும் அதுலதான் லைன் ஓடுது. இதப் படிச்சா மச்சானுக்குத் தெரிஞ்சிடும். தெரியட்டும்.

அவ மலைக்கே திரும்பிப் போய் மரவள்ளி போட்டா. எப்பவாவது போன் பண்ணுவா. சம்பளத்தப் பத்தி, வேலையப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டா. "நான் திருடலன்னு அந்தாளு வாயாலயே சொல்லணும்டி, அத நான் கேக்கணும்"னு மட்டும் சொல்லிக்கிட்டே இருப்பா.

கேக்காமயே போயிட்டா.

குடும்பத்தில் ஒருவர்னு போட்டிருக்கீங்களே சார்... அவள வெளிய அனுப்பினப்ப கம்பெனி கேட் வாசல்ல நிறுத்தி, அவ பைய வாங்கித் தரையில கொட்டினீங்க. டிபன் பாக்ஸ், சீப்பு, நாப்கின் பாக்கெட்... அத்தனை ஆம்பளைங்க பாக்க. அவ உக்காந்து ஒண்ணொண்ணா பொறுக்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டா.

உங்க குடும்பத்துல பொண்ணுங்கள இப்படித்தான் அனுப்புவீங்களா?

அந்தப் போட்டோவ எடுங்க சார். மொதல்ல அத எடுங்க.

அலமு... மலை பஸ் ஏறிட்டேன்டி. வந்துகினு இருக்கேன்.