நூறு சதவீதத்தைக் கெடுத்த ரெஜினா டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது நான் வேலை பார்க்கும் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ரெஜினா டீச்சரின் முகம், இருபக்கமும் மெழுகுவர்த்தி, கீழே 'எங்கள் நூறு சதவீதத் தேர்ச்சியின் தூண்' என்று ஒரு வரி. மாரடைப்பாம். அந்த வரியைப் படித்ததும் அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. மதியம் பார்த்தால் அதே வரி பள்ளி கேட்டில் ஃபிளெக்ஸாகத் தொங்குகிறது.

டீச்சரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். எங்கள் பள்ளியின் நூறு சதவீதத்தைக் கெடுத்தவரே அவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எல்லாரும் அந்தப் படத்துக்குக் கீழே கைகூப்பிவிட்டுப் போய்விட்டோம்.

நான்கு வருடத்துக்கு முன், பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். காலாண்டுத் தேர்வு முடிந்ததும், பத்தாவதில் தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்து, 'சொந்தக் காரணங்களால் டி.சி. பெற்றுக்கொள்கிறோம்' என்று கடிதம் வாங்குவது எங்கள் பள்ளியின் வழக்கம். அந்தப் பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள். சதவீதம் தப்பிக்கும். போன் செய்வது என் வேலை. என் குரல் பணிவாக இருக்குமாம். மகளுக்கு அப்போது எட்டு மாதம். வேலை போய்விட்டால் என்ற பயத்தில் நான் எதுவும் கேட்கவில்லை.

மலைக்கிராமமான பூண்டியிலிருந்து, அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான முருகேஸ்வரியின் அப்பா வந்தார். பூண்டு விவசாயி. கடிதத்தைப் படிக்காமல் என்னைப் பார்த்தார். "இதுல கையெழுத்துப் போட்டா பாப்பாவுக்கு நல்லதுங்களா, மிஸ்?"

"நல்லதுதாங்க" என்றேன். போட்டார்.

ஸ்டாஃப் ரூமில் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, அந்தப் புள்ள கணக்குல எத்தனை?"

"பதினொண்ணு, மிஸ்."

"பதினொண்ணு எடுக்கிற மாதிரி சொல்லிக்குடுத்தது நான்தான? அப்ப யாருக்கு டி.சி. குடுக்கணும்?"

என் ஃபைலிலிருந்து கடிதத்தை உருவித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராக ஹெச்.எம். அறைக்குப் போனார். வெளியே நின்ற எனக்கே கேட்டது. "அவ பேரு பரீட்சை லிஸ்ட்ல இருக்கணும் சார். இல்லேன்னா அவங்கப்பாவ கல்வி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறது நான்தான்." பெயர் இருந்தது.

தேர்வுக்கு முந்தைய மாதம் முருகேஸ்வரி வகுப்புக்கு வரவில்லை. ஒரு சனிக்கிழமை டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு பூண்டிக்கு பஸ் ஏறினார். "பூடு எடுக்கிற சோலி கெடக்கு டீச்சரம்மா, மழைக்கு முன்னாடி வெரசா முடிக்கணும்" என்றார் அவள் அப்பா. டீச்சர் கொட்டகையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து கத்தியைக் கையில் எடுத்தார். "அவ பங்கு பூண்டுத் தாளை நான் அறுக்கிறேண்ணே. அவ படம் வரையட்டும்."

முருகேஸ்வரி பலகையை மடியில் வைத்துக்கொண்டு வரைந்தாள். குளிரில் காம்பஸ் வழுக்கியது. "வடிவியலும் கிராஃபும் சேந்து பதினாறு. அதுல ஒண்ணு விடக்கூடாது. மிச்சம் பத்தொன்பதை அங்கங்க பொறுக்கிக்கலாம்" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், தாளோட சேத்துப் பூண்டையும் அறுக்கிறீங்க. அப்பா திட்டுவாரு."

"திட்டுனா எனக்கு டி.சி. குடுக்கச் சொல்லு. நீ வரை."

ஐந்து சனிக்கிழமை இப்படிப் போனோம். முருகேஸ்வரி எடுத்தது முப்பத்து மூன்று. இரண்டு மார்க் குறைவு. நாற்பத்து மூன்று பேர் எழுதி நாற்பத்திரண்டு பேர் தேறினார்கள்.

"ஒரு புள்ளைக்காக ஸ்கூல் பேரே போச்சு" என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் ஹெச்.எம். சொன்னார். "ரெண்டு மார்க்குதான் சார் போச்சு. புள்ள இருக்கா" என்றார் டீச்சர். ஜூனில் அவருக்கு ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். இருபது வருடம் பத்தாவது எடுத்தவர்! அதன்பிறகு சாகும்வரை பத்தாவது அவருக்குத் திரும்பி வரவேயில்லை. நாங்கள் பதினான்கு பேர் அந்த மீட்டிங்கில் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

முருகேஸ்வரி துணைத்தேர்வில் ஐம்பத்திரண்டு வாங்கினாள். இப்போது திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். அடக்கத்துக்கு வந்தவள் பள்ளி கேட்டில் நின்று ஃபிளெக்ஸைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "மிஸ், இது யாரைப் பத்தி எழுதிருக்காங்க?"

ஆறாம் வகுப்புக்கு மாற்றிய அன்று டீச்சர் அந்தக் கடிதத்தை என்னிடம் தந்தார். "கிழிச்சிராத. உன் மக பத்தாவது வர்றப்ப எவளாவது இதே மாதிரி பணிவாப் பேசி உனக்குப் போன் போடுவா. அப்ப எடுத்துப் பாரு." என் மகள் எண்ணும்போது இன்னும் பதிமூன்றை விட்டுவிடுகிறாள்.

வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டத்தில் என்னை இரண்டு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதைத்தான் வாசிக்கப் போகிறேன். டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கடிதம் ஒன்றுதான். அதை வைத்திருக்கும் ஃபைலிலேயே இந்த வருடத்துப் பிள்ளைகள் மூன்று பேரின் பெயர்களையும் வைத்திருக்கிறேன். போன வாரம் போன் செய்யச் சொல்லிக் கொடுத்தவை.

நேற்று மூன்று வீட்டுக்கும் போன் செய்தேன். யார் கேட்டாலும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொன்னேன்.

ஒரு அப்பா கேட்டார்: "அப்ப பாப்பா பாஸாயிருமா, மிஸ்?"

"தெரியாதுங்க" என்றேன். "ஆனா எழுதுவா."