தெரிந்தே கொடுத்த மாத்திரை

இருபத்து மூன்று வருடங்களாகக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். ரத்தக்குழாய் தடிப்பது பற்றிய பாடம் வரும்போதெல்லாம் முறுக்கு டப்பாவிலிருந்துதான் தொடங்குவேன். மூடி சரியாக மூடாத டப்பாவில் முறுக்கு ஏன் காறிப்போகிறது? அதிலிருக்கும் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுவிடுகிறது. உடம்புக்குள்ளும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. ரத்தத்தில் ஓடும் கொழுப்புத் துகள்களில் சில குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. ஃப்ரீ ராடிக்கல் என்கிற முரட்டு மூலக்கூறுகள் அவற்றைக் கெடுக்கின்றன. கெட்ட கொழுப்பை அகற்ற வரும் வெள்ளை அணுக்கள் அதை அளவில்லாமல் தின்று, நுரைபோல் வீங்கி, அங்கேயே கிடந்து சாகின்றன. அதன் மேல் இன்னும் இன்னும் சேர்ந்து சுவர் தடித்து இறுகுகிறது. சிகரெட் புகை இதையெல்லாம் வேகப்படுத்தும் என்று சொல்லிப் பாடத்தை முடிப்பேன்.

அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் கணவர் சிகரெட் பிடிப்பவர்.

அவருக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. இருபது வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் நின்றுதான் பிடிப்பார், வீட்டில் பிடித்ததில்லை. கல்யாணமான புதிதில் இதற்காக ஒரு தடவை பெரிய சண்டை போட்டேன். சாப்பிடாமல் கடைக்குப் போனவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இரண்டாவது தடவை சண்டை போட எனக்குத் தெம்பு வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் வைட்டமின் ஈ பற்றி நிறையப் படித்தேன். அது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும், அப்படியானால் குழாய்களையும் காக்கும் என்று எல்லோரும் நம்பிய காலம். மருந்துக்கடையில் ஒரு அட்டை வாங்கினேன். தினமும் காலையில் இட்லித் தட்டு ஓரத்தில் ஒன்று வைப்பேன். எதுவும் கேட்காமல் விழுங்கிவிட்டுப் போவார்.

பிறகு, ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்ததில் மாரடைப்பு குறையவில்லை என்று ஆய்வுகள் வந்தன. அவற்றையும் படித்தேன். வகுப்பில் ஒரு மாணவி கேட்டபோது தெளிவாகவே பதில் சொன்னேன்: "சோதனைக் குழாயில வேலை செய்யறது எல்லாம் மனுஷ உடம்புலயும் வேலை செய்யும்னு இல்லம்மா." மறுநாள் காலையிலும் தட்டின் ஓரத்தில் மாத்திரை வைத்தேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவான்மியூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போக மயிலாப்பூர் ரயில் நிலையத்துக்கு வந்தோம். படியில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி இடது தாடையைத் தடவினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. தாடைய என்னமோ இழுக்கு. செத்த நின்னா சரியாயிரும்."

நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். வலி இல்லை, யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கி வந்தேன். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் இவரைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"இன்னா சார், இப்டி வேர்த்துக் கீது? குந்துங்க நைனா, சாஞ்சுக்குங்க. அம்மா, நீங்க அவர கெட்டியா புட்சிக்குங்க."

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. இதயத்துக்குப் போகும் ஒரு குழாய் பெரும்பாலும் அடைத்திருந்தது. மதியத்துக்குள் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். மாலையில் பெண் டாக்டர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, இவர் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். கைப்பையிலிருந்த அட்டையைக் காட்டினேன்.

"இதை யார் எழுதிக் குடுத்தாங்க?"

"நான்தான் குடுத்தேன். பயோகெமிஸ்ட்ரி ப்ரொஃபசர்."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார். "தியரி எல்லாம் சரிதான் மேடம். ஆனா இந்த மாத்திரையால அடைப்பு நிக்கறதில்ல. இது உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே."

"தெரியும்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் அன்று முழுவதிலும் எனக்கு அவ்வளவு சிரமமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவரை வார்டுக்கு மாற்றினார்கள். கஞ்சி குடித்து முடித்ததும் அவரே கேட்டார்: "டாக்டரம்மா வேற மாத்திரையெல்லாம் எழுதிருக்கு. நீ தருவியே, அது இல்லையா?"

மறைக்க மனம் வரவில்லை. அதனால் பலனில்லை என்பதையும், அது எனக்கு எப்போதோ தெரியும் என்பதையும் சொன்னேன்.

"பெறகு ஏன் தந்த?"

"சிகரெட்ட விடுங்கன்னு சொன்னா நீங்க பேசமாட்டீங்க. மாத்திரைய குடுத்தா பேசாம சாப்பிடுவீங்க."

அவர் கஞ்சி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "சந்துல நின்னு பத்த வைக்கும்போதெல்லாம், அதான் காலையில மாத்திரை போட்டுட்டோம்லானு நெனச்சுக்கிடுவேன்" என்றார். "நீ ஏமாத்துன. நானும் வசதியா ஏமாந்துக்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையை நீட்டினார். ஊசி ஏற்றிய கை என்பதால் விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டேன். அந்த மாத்திரை அவருடைய குழாய்க்கு ஒன்றும் செய்யவில்லை. எங்கள் இருவருக்கும் பேசாமலிருக்க வழி செய்துகொடுத்திருந்தது, அவ்வளவுதான்.

அவர் சிகரெட்டை அன்றோடு விட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வீட்டுக்கு வந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள் பிடித்துவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். இந்தத் தடவை நான் சண்டை போட்டேன். அவரும் பதிலுக்குக் கத்தினார். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். கத்தி முடித்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் ஆறிப்போயிருந்தது. அதற்குப் பிறகு இன்னொரு முறை தவறினார். அப்புறம் இல்லை.

இந்த வருடம் அதே பாடம் வந்தபோது, புகையைப் பற்றிய வரியைப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். மாத்திரை விஷயத்தையும், யாருடைய வீடு என்று சொல்லாமல் சொன்னேன். சிலர் கண்டுபிடித்திருப்பார்கள்.

இப்போது கடையில் கூட்டம் குறையும் நேரத்தில் அவரிடமிருந்து போன் வருகிறது. பேச விஷயமே இருக்காது. சந்துப் பக்கம் போகக் கால் துடிக்கும்போது கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். நேற்றும் வந்தது.

"என்ன செய்யுத?"

"பேப்பர் திருத்தறேன்."

"எத்தன பேரு பாஸு?"

"இன்னும் பாதி இருக்கு."

"அப்ப ஒவ்வொண்ணா சொல்லு, கேக்கேன்" என்றார்.